வளைவும் மாடமும்: உறுப்புகளின் பெயர் அறிவோம்

ஜினாலயத் திருப்பணி குறித்துப் பேசுவதற்காக ஊர்ப் பெரியவர்கள் கூடும்போது இரண்டு சொற்கள் தவறாமல் ஒலிக்கும். ஒன்று ‘ஆர்ச்சு’, மற்றொன்று ‘டோம்’. வாயிலின் மேல் வளைந்திருப்பன யாவும் ஆர்ச்சு. தலைக்கு மேல் குவிந்திருப்பன யாவும் டோம். இவ்விரு சொற்களைக் கொண்டே மதிப்பீடு எழுதப்படுகிறது. கொத்தனாரிடம் வேலை ஒப்படைக்கப்படுகிறது. சில வேளைகளில் பழைய சுவர் இடிக்கவும் படுகிறது. எந்தக் கல் சுமக்கிறது, எந்தக் கல் அழகுக்காக நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் சொல் இல்லையாயின், இடிக்கத் தகாததை இடித்துவிடும் இடர் உண்டு.

நாம் அறிந்த ஓர் ஊரில் அறக்கட்டளைக்கு உரிய பழைய நெல் அறை ஒன்று இருந்தது. அதன் கூரை செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆன வளைவுக் கூரை. அதனை ஒட்டிப் பருத்த சுவர் ஒன்று நின்றது. பார்வைக்கு அது எதையும் தாங்கவில்லை. வண்டி செல்ல வழி வேண்டும் என்று அச்சுவரை எடுத்தனர். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் கூரையின் உச்சியில் நீளவாட்டில் பிளவு கண்டது. முடிவில் கூரையையே இறக்க நேர்ந்தது. இடித்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. அச்சுவருக்கு ஒரு பெயரும் ஒரு தொழிலும் உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாமற் போயிற்று.

ஆதலின், வளைவு, மாடம் ஆகியவற்றின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அறிவதே இப்பாடத்தின் நோக்கம். குடும்பத்தில் உள்ள பிள்ளைகளும் உடன் அமர்ந்து படிக்குமாறு எளிய செய்முறைகளையும் சேர்த்துள்ளோம்.

சொல்லைப் போலவே வளைவும்

நாம் வாழும் காங்கேயத்திற்கு வடக்கே, பெருந்துறையை அடுத்துள்ளது சீனாபுரம். நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் அதுவே என்பர். அம்முனிவர் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டினார். பள்ளியில் இதைப் படித்தவர்கள் ஒன்றை நினைவிற் கொள்வார்கள். ‘வந்தனன்’ என்ற சொல்லைப் பேசத் தெரிந்த எவர்க்கும் அதன் பொருள் தெரியும். ஆனால் காலத்தைக் காட்டுவது எந்த உறுப்பு, ஆண்பாலைக் காட்டுவது எந்த உறுப்பு என்று கேட்டால், உறுப்பிலக்கணம் கற்றவரே விடை கூறுவர்.

கட்டடமும் அத்தகையதே. முழு வடிவத்தைக் கண்டு வியப்பது எளிது. உறுப்பைப் பிரித்து, ‘இதன் தொழில் யாது?’ என்று வினவுவதே கல்வி. வழக்கில் பெயர் உள்ளவற்றிற்கு அப்பெயரையும், பெயர் இல்லாதவற்றிற்குப் பொருள் விளங்கும் தமிழ்ப் பெயரையும் இங்கே இட்டுள்ளோம். பொறியாளரிடம் பேசும்போது பயன்படும் என்பதால் ஆங்கிலப் பெயரின் ஒலியையும் உடன் தந்துள்ளோம்.

முதலிற் காண்பது நேர்க்கட்டு

வளைவை அறியும் முன், வளைவு இல்லாத கட்டினை அறிதல் வேண்டும். கொங்கு நாட்டில் விஜயமங்கலம், பூந்துறை, வெள்ளோடு, திங்களூர், சீனாபுரம் ஆகிய ஊர்களில் பழைய ஜினாலயங்கள் உள்ளன. இவற்றுள் ‘நெட்டைக் கோபுரம்’ என்று சுற்றுப்புற மக்கள் வழங்கும் விஜயமங்கலம் சந்திரபிரப தீர்த்தங்கரர் கோயில் பலரும் கண்டது. கங்க நாட்டு அமைச்சராகிய சாமுண்டராயரின் தங்கை புலியப்பையின் நினைவாக அமைந்த நிசீதிகைக் கல்வெட்டு அங்கு உண்டு.

இக்கோயிலின் மண்டபத்தினுள் நின்று மேலே நோக்குக. தரையிலிருந்து எழுவது தூண். தூணின் தலையில் இரு பக்கமும் கை நீட்டியது போல் இருப்பது போதிகை. போதிகையின் மேல் கிடப்பது உத்திரம். உத்திரங்களின் மேல் பரவிக் கிடப்பவை பாவுகற்கள். பாரம் பாவுகல்லிலிருந்து உத்திரத்திற்கும், உத்திரத்திலிருந்து போதிகை வழியே தூணிற்கும், தூணிலிருந்து நிலத்திற்கும் நேர் கீழாக இறங்குகிறது. இதனை நேர்க்கட்டு என்போம்.

கருங்கல் நெருக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒரு நீண்ட கல் உத்திரத்தின் நடுவில் பாரம் இறங்கினால், அதன் மேற்புறம் நெருக்கப்படும், கீழ்ப்புறம் இழுபடும். இழுபடும் பக்கத்திலேதான் கல் விரியும். ஆகையால் கல் உத்திரத்தை மிக நீளமாக வைத்தல் இயலாது. தூண்கள் நெருங்கி நிற்க வேண்டும். போதிகை நீட்டும் கை வெறும் அழகுக்கு உரியதன்று. உத்திரம் தாங்கலின்றி நிற்கும் நீளத்தை அது குறைக்கிறது. நம் மண்டபங்களில் தூண்கள் காடு போல் நிற்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

அடுத்தது பிதுக்கக் கட்டு

தூண்களை நெருக்காமல் இடைவெளியை மூட வேறொரு வழி உண்டு. கீழ் வரிசைக் கல்லைவிட மேல் வரிசைக் கல்லைச் சிறிது உள்ளே பிதுக்கி வைப்பது. அதன் மேல் இன்னொன்றை மேலும் சிறிது பிதுக்குவது. இவ்வாறு இரு பக்கமும் வளர்ந்து வந்து உச்சியில் ஒன்று சேரும். இதனை ஆங்கிலத்தில் கார்பெல் என்பர். நாம் பிதுக்கக் கட்டு எனலாம்.

ஒரே அளவுள்ள நான்கு புத்தகங்களைக் கொண்டு பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். மேசையின் ஓரத்தில் ஒரு புத்தகத்தைப் பாதிக்கு மேல் வெளியே தள்ளினால் விழும். அதே புத்தகத்தின் உட்பகுதியில் வேறு இரண்டு புத்தகங்களை வைத்தபின் தள்ளினால் நிற்கும். பின்புறத்துப் பாரமே முன்புறத்துப் பிதுக்கத்தைக் காக்கிறது. இது பிதுக்கக் கட்டின் முதல் விதி. பின்பாரத்தைக் குறைத்தால் முன்கல் சாயும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஏறத்தாழ 216 அடி உயரமுடைய அதன் உட்புறம் கூடாக உள்ளது. கருங்கல் வரிசைகள் படிப்படியாக உள்நோக்கிப் பிதுங்கிச் சென்று உச்சியை அடைகின்றன. வடக்கே ஆபு மலையில் 1031 இல் அமைந்த விமல வசதி என்னும் ஜினாலயத்தின் மண்டபக் கூரையும் இம்முறையினதே. அங்கே பளிங்குக் கற்கள் வட்ட வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று உள்ளே பிதுங்கிச் செல்கின்றன. பதினாறு வித்யாதேவியர் அக்கூரையைச் சுற்றி நிற்கின்றனர். நடுவிலிருந்து தாமரைத் தொங்கல் இறங்குகிறது. அதனைக் கண்டு வந்தோர் ‘டோம்’ என்பார்கள். வடிவம் குவிமாடமே, ஆனால் அதன் கட்டு பிதுக்கக் கட்டு. கற்களின் படுகை மட்டமாக இருப்பதே அதன் அடையாளம்.

வளைவின் பன்னிரண்டு உறுப்புகள்

இனி உண்மை வளைவிற்கு வருவோம். உண்மை வளைவில் கற்கள் மட்டமாகப் படுப்பதில்லை. ஒவ்வொரு கல்லும் வளைவின் நடுப்புள்ளியை நோக்கிச் சாய்ந்து, அடுத்த கல்லை அழுத்தி நிற்கிறது. கல்லில் இழுப்பு மிகுவதில்லை, நெருக்கலே மிகுதி. ஆகவே சிறு சிறு செங்கற்களைக் கொண்டே பெரிய இடைவெளியை மூட முடிகிறது.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைக் காணாதவர் நம்மிற் சிலரே. 1636 இல் எழுந்த அம்மாளிகையின் சொர்க்க விலாசத்தில் பருத்த தூண்களுக்கு இடையே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பெரும் வளைவுகள் எழுப்பப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றை மனக்கண்ணில் நிறுத்திக் கீழிருந்து மேலாக உறுப்புகளைக் காண்போம்.

1. தாங்குதூண்: வளைவின் காலாக நிற்பது. ஆங்கிலத்தில் பியர் என்பர்.

2. முட்டு: வளைவின் கடைசிக் கரையில் நின்று அதன் பக்கவாட்டு உதைப்பை ஏற்கும் பருத்த சுவர். ஆங்கிலத்தில் அபட்மென்ட். சுவரினின்று வெளியே தள்ளிக் கட்டப்படும் முட்டினை உதைகால் எனலாம். பட்ரஸ் என்பது இதன் ஆங்கிலப் பெயர்.

3. தலைக்கட்டு: தூணின் முடிவில், வளைவு அமர்வதற்காகச் சற்றுப் பிதுங்கி நிற்கும் வரிசை. இம்போஸ்ட் என்பர்.

4. எழுகோடு: நேர்ச்சுவர் முடிந்து வளைவு எழத் தொடங்கும் மட்டம். ஸ்பிரிங்கிங் லைன் என்பது இதுவே. இது கண்ணால் காணும் கல்லன்று. மனத்தால் இழுக்கும் கோடு.

5. எழுகல்: எழுகோட்டின் மேல் அமரும் முதற்கல். இதன் அடி மட்டமாகவும் தலை சாய்வாகவும் இருக்கும். ஸ்பிரிங்கர் என்பர்.

6. ஆப்புக்கல்: வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும் ஆப்பு வடிவில் செதுக்கிய ஒவ்வொரு கல்லும். வூஸ்வார் என்பது பிரெஞ்சுச் சொல். செங்கல் வளைவில் செங்கல்லை ஆப்பாகச் செதுக்காமல், இடையிலுள்ள காரையை வெளிப்புறம் தடித்தும் உட்புறம் மெலிந்தும் இடுவர்.

7. முடிகல்: உச்சியில் நடுவே இறுதியாக வைக்கப்படும் ஆப்புக்கல். கீஸ்டோன் என்பர், அதனைச் சாவிக்கல் என மொழிபெயர்ப்பாரும் உளர்.

8. உள்வளைவு: கீழே நிற்பவர் காணும் வளைந்த பரப்பு. இன்ட்ரடாஸ் எனப்படும்.

9. வெளிவளைவு: ஆப்புக்கற்களின் மேற்புற வளைவு. எக்ஸ்ட்ரடாஸ் எனப்படும். பெரும்பாலும் சுவருக்குள் மறைந்திருக்கும்.

10. உச்சி: வளைவின் மிக உயர்ந்த பகுதி. கிரவுன் என்பர்.

11. தோள்: உச்சிக்கும் எழுகோட்டிற்கும் இடைப்பட்ட சரிவு. ஹாஞ்ச் என்பர்.

12. தோள்நிரப்பு: தோளுக்கு மேலே, முக்கோண வடிவாக எஞ்சும் சுவர்ப்பகுதி. ஸ்பாண்ட்ரல் என்பர். இங்கே பூவேலை, கொடிவேலை, யாளி முதலியன அமைத்திருப்பதால் பலரும் இதனை அலங்காரம் என்றே எண்ணுவர். உள்ளே உள்ள நிரப்போ தோளை அழுத்திப் பிடித்து, வளைவு வெளியே புடைக்காதவாறு காக்கிறது.

இவற்றுடன் இரண்டு அளவுகளையும் அறிதல் வேண்டும். எழுகோட்டில் இரு கால்களுக்கும் இடையேயுள்ள தொலைவு அகலம். எழுகோட்டிலிருந்து உச்சியின் உள்வளைவு வரையுள்ள உயரம் எழுச்சி.

முடிகல்லே வளைவைத் தாங்குகிறது என்று பரவலாகக் கூறுவர். அது முழு உண்மையன்று. எந்த ஓர் ஆப்புக்கல்லை உருவினாலும் வளைவு விழும். முடிகல் இறுதியாக வைக்கப்படுவதால் பெருமை பெற்றது. அது வைக்கப்படும் வரை வளைவு தானாக நில்லாது. மரச்சட்டத்தால் ஆன வடிவப்பலகை அதனைத் தாங்கும். நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்பது இதனையே. முடிகல் அமைந்து காரை இறுகியபின் சென்ட்ரிங்கை மெல்ல இறக்குவர். அப்போதுதான் வளைவு தன் காலில் நிற்கத் தொடங்குகிறது.

உறங்காத வளைவு

வளைவு உறங்குவதில்லை என்று பழைய கட்டடக்காரர்களிடையே ஒரு சொல் வழங்குகிறது. நேர்க்கட்டின் பாரம் கீழ்நோக்கி மட்டுமே அமரும். வளைவோ கீழ்நோக்கி அமர்வதோடு இரு கால்களையும் பக்கவாட்டில் வெளியே உதைத்த வண்ணம் இருக்கும். இரவும் பகலும், நூறாண்டு கழிந்தும், அவ்வுதைப்பு ஓய்வதில்லை. உதைப்பிற்கு எதிராக முட்டு நிற்கும் வரை வளைவு நிற்கும்.

பொருளைக் காட்டாமல் பெயரைக் கற்பிக்கலாகாது என்பதே ஆசிரியப் பயிற்சிக்கு வந்த மாணவியர்க்கு நாம் பல்லாண்டுகள் சொல்லி வந்தது. ஆகவே இரண்டு செய்முறைகளைக் கூறுவோம்.

முதலாவது: ஒரே உயரமுள்ள இரு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்துக. இருவரும் உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கட்டும். இப்போது அவர்கள் ஒரு வளைவு. சேர்ந்த கைகள் முடிகல்; பாதங்கள் எழுகல். வழவழப்பான தரையாயின் பாதங்கள் வெளியே நழுவும். மற்றும் இருவர் குதிகால்களுக்குப் பின்னே தம் பாதங்களை வைத்துத் தடுத்தால் நழுவல் நின்றுவிடும். தடுத்தவர்களே முட்டு. ‘யாருக்கு எங்கே அழுத்தம் தெரிந்தது?’ என்று கேட்டால் பிள்ளைகள் தாமே விடை கூறுவர். பெரியவர் ஒருவர் உடன் நின்று இதனைச் செய்விக்க வேண்டும்.

இரண்டாவது: கழுத்துச் சங்கிலி ஒன்றின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தொங்கவிடுக. சங்கிலி கொள்ளும் வடிவத்தைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். அதுவே தன் எடையை மட்டும் தாங்கும் வளைவிற்குத் தக்க வடிவம். இவ்வுண்மையை 1675 இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் எடுத்துரைத்தார். தொங்குவதில் இழுப்பு, நிமிர்ந்து நிற்பதில் நெருக்கல். இனிக் கைகளைச் சிறிது சிறிதாக அகற்றுக. சங்கிலியின் தாழ்வு குறையக் குறையக் கைகளில் இழுப்பு மிகும். வளைவிலும் அப்படியே. அகலமும் பாரமும் மாறாதிருக்க, எழுச்சியைப் பாதியாக்கினால் உதைப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். தட்டையான வளைவிற்குப் பருத்த முட்டு வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபரணியின் மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலம் 1843 இல் திறக்கப்பட்டது. அதற்குப் பதினொரு வளைவுகள். பாலத்தின் நடுவே உள்ள தாங்குதூண் இரு பக்கத்து வளைவுகளாலும் உதைக்கப்படுகிறது. இடவளைவு வலப்புறம் உதைக்கும்; வலவளைவு இடப்புறம் உதைக்கும். இரண்டும் தம்முள் சமன்படுவதால் நடுத்தூண் நேராகப் பாரத்தைச் சுமந்தால் போதும். இரு கரைகளிலும் உள்ள கடைசி வளைவுகளுக்கோ எதிர் உதைப்பு இல்லை. அங்கே முட்டு வேண்டும். வரிசையாக உள்ள வளைவுகளில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால், அதன் இரு பக்கத்துத் தூண்களும் ஒருபுற உதைப்பிற்கு ஆளாகும். பழைய தாழ்வாரத்தில் ‘ஒரே ஓர் ஆர்ச்சை எடுத்துவிட்டு அகலவாயில் வைப்போம்’ என்று கருதுவோர் இப்பாலத்தை நினைத்தல் நலம்.

முட்டு வைக்க இடமில்லாத இடத்தில் இரு எழுகல்களையும் இணைத்து இரும்புக் கம்பி கட்டுவதுண்டு. இழுகம்பி எனலாம், டை ராட் என்பர். பிள்ளைகளின் கணுக்கால்களைத் துண்டால் பிணைத்தால் நழுவாமை போல, இது இரு கால்களையும் உள்நோக்கிப் பிடித்துக்கொள்கிறது. பழைய மண்டபத்தில் கம்பி குறுக்கே ஓடுகிறதே என்று அறுத்து எறியலாகாது.

மாடத்தின் வகைகள்

ஒரு வளைவை நீளவாட்டில் இழுத்துக்கொண்டே போனால் கூண்டு வண்டியின் கூரை போல் ஒரு கூரை தோன்றும். இது கூண்டு மாடம். பாரல் வால்ட் என்பர். வளைவின் எல்லா உறுப்புகளும் இதற்கும் உண்டு. எழுகோடு மட்டும் சுவர் நெடுகிலும் ஓடும். ஆகையால் உதைப்பும் சுவர் நெடுகிலும் இருக்கும். சுவர் முழுதுமே முட்டாக வேண்டும்.

நம்மில் பலர் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலிருந்து பணியின் பொருட்டு இப்பனியன் தொழில் வட்டாரத்திற்கு வந்தவர்கள். மேல்சித்தாமூர் சென்று திரும்பும் வழியில் செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அங்கே கூண்டு மாடங்களும் அவற்றைத் தாங்கும் மிகப் பருத்த சுவர்களும் உள்ளன. சுவர் ஏன் இத்துணைப் பருமன் என்று கேட்டால், ‘பகைவர்க்கு அஞ்சி’ என்றும், ‘நெல் நனையாதிருக்க’ என்றும் கூறுவர். அவற்றோடு ‘மாடத்தின் உதைப்பைத் தாங்க’ என்ற விடையையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். 2025 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியப் போர்க் கோட்டைகளின் தொகுதியில் ஒன்றாகச் செஞ்சியும் இடம் பெற்றது.

இரு கூண்டு மாடங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் தோன்றுவது குறுக்கு மாடம். கிராயின் வால்ட் என்பர். வெட்டும் கோடுகள் கூரையில் பெருக்கற்குறி போல் தெரியும். இதன் உதைப்பு நான்கு மூலைகளில் மட்டும் இறங்குவதால், இடைச்சுவர்களில் வாயிலும் பலகணியும் வைக்க முடிகிறது.

வளைவை அதன் உச்சியை நடுவாகக் கொண்டு சுழற்றினால் கிடைப்பது குவிமாடம். டோம் என்னும் சொல்லுக்கு உரியது இதுவே. சதுர அறையின் மேல் வட்டக் குவிமாடத்தை அமர்த்த, மூலைகளை நிரப்ப வேண்டும். மூலைக்குக் குறுக்கே சிறு வளைவு எழுப்புவது ஒரு முறை. அதன் பெயர் ஸ்குவின்ச். மூலையிலிருந்து முக்கோண வளைபரப்பாக விரித்து வட்டத்தில் சேர்ப்பது மற்றொரு முறை. அதன் பெயர் பென்டென்டிவ். குவிமாடத்தின் அடிவட்டம் வெளிநோக்கி விரிய முயலும். அதனைக் கட்டும் இறுக்கமே அதன் உயிர். 1656 அளவில் அமைந்த விஜயபுரத்துக் கோல் கும்பஸ் உட்குறுக்கே ஏறத்தாழ 38 மீட்டர் அகன்றது. அதன் கீழே ஒன்றையொன்று வெட்டும் வளைவுகளே சதுரத்தை வட்டத்தோடு இசைவிக்கின்றன.

பழைய ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இரும்பு உத்திரங்களுக்கு இடையே சிறு சிறு செங்கல் வளைவுகள் வரிசையாக இருக்கக் காணலாம். இவை ஜாக் ஆர்ச் எனப்படும். இரும்பு உத்திரம் துருப்பிடித்தால் வளைவின் காலே அரிக்கப்படுகிறது. மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை இதனின் வேறானது. அது தட்டையானது, வளைவின் உதைப்பு அதற்கு இல்லை.

வடிவால் மட்டும் வளைவு

நம் கோயில்களில் வளைந்து காணப்படுவன பல, கட்டால் வளைவு அல்ல. வடிவால் மட்டுமே வளைவு. விமானத்தின் மேலும் கபோதத்தின் மேலும் குதிரைக் குளம்பு போல் செதுக்கியிருப்பது கூடு. மாடக்குழியின் மேலே இரு மகரங்களின் வாயிலிருந்து வளைந்து எழுவது மகர தோரணம். இவை ஒரே கல்லில் அல்லது சுதையில் அமைந்த சிற்பங்கள். பாரத்தைத் தாங்குவன அல்ல. விமானத்தில் கூண்டு வண்டிக் கூரை போன்ற உறுப்பு சாலை. படுத்த யானையின் பின்புறம் போல் ஒருபுறம் வளைந்த வடிவம் தூங்கானை மாடம். கஜபிருஷ்டம் என்பது அதன் வடமொழிப் பெயர். மாமல்லபுரத்துப் பீம ரதம் சாலைக்கும், சகதேவ ரதம் தூங்கானை மாடத்திற்கும் சான்று. இரண்டும் ஒரே பாறையில் குடைந்தவை. நம் திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்திலும் தூங்கானை மாட விமானத்தைக் காணலாம். அங்கே 1387 இல் இருகப்பர் எடுப்பித்த சங்கீத மண்டபமோ தூணும் உத்திரமும் கொண்ட நேர்க்கட்டு.

இதனால் நம் முன்னோர்க்கு வளைவு தெரியாது என்று முடிவு செய்தல் தவறு. கான்பூருக்கு அருகே பீதர்காவ் என்னும் ஊரில் உள்ள குப்தர் காலச் செங்கற்கோயிலில், ஏறத்தாழ 5 ஆம் நூற்றாண்டிலேயே, உண்மை வளைவு கையாளப்பட்டுள்ளது. தெரிந்திருந்தும் கற்கோயில்களில் நேர்க்கட்டையும் பிதுக்கக் கட்டையுமே பெரிதும் போற்றினர். வளைவின் வடிவத்தை அழகுக்கு வைத்துக்கொண்டனர். ஓயாத உதைப்பை வேண்டாமென விட்டனர்.

திருப்பணியில் இவ்வறிவின் பயன்

பெயர்களை அறிந்தபின் பிளவுகளையும் படிக்கலாம். முட்டு நகர்ந்து கால்கள் அகன்றால் உச்சி சிறிது இறங்கும். அப்போது உச்சியில் உள்வளைவின் பக்கம் வாய் பிளக்கும். தோளிலோ எழுகல்லிலோ வெளிவளைவின் பக்கம் வாய் பிளக்கும். ஆதலின் உச்சியில் கீழிருந்து தெரியும் நீளக்கோட்டைக் கண்டால், உச்சியைப் பூசி மறைப்பது மருந்தாகாது. முதலில் முட்டைப் பார்த்தல் வேண்டும். மயிரிழைப் பிளவு கண்ட அன்றே வளைவு விழுந்துவிடாது. பழைய வளைவுகள் பல அத்தகைய கோடுகளுடன் நெடுநாள் நிற்கின்றன. அது வளர்கிறதா என்பதே வினா. பிளவின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைக் காரையால் ஒட்டித் தேதியை எழுதி வைப்பர். கண்ணாடி உடைந்தால் பிளவு வளர்கிறது என்பது பொருள்.

குழுவினர் மனத்திற் கொள்ள வேண்டுவன ஐந்து.

ஒன்று: வளைவையோ மாடத்தையோ ஒட்டிய எந்தச் சுவரையும், அது முட்டா அன்றா என்று அறியாமல் எடுத்தல் ஆகாது.

இரண்டு: கூரை மேல் உள்ள நிரப்பைப் ‘பாரம் குறைப்போம்’ என்று வாரி எறிதல் ஆகாது. தோள்நிரப்பும், பிதுக்கக் கட்டின் பின்பாரமும் காவலர்கள்.

மூன்று: சுண்ணாம்புக் காரையில் எழுந்த வளைவைச் சிமெண்டால் பூசுதல் நன்றன்று. சுண்ணாம்பு சிறு அசைவிற்கு இடங்கொடுக்கும், ஈரத்தை வெளிவிடும். சிமெண்ட் இறுகி நின்று ஈரத்தை உள்ளே அடைக்கும். அதன் விளைவு மென்மையான பழைய செங்கல்லையே தின்னும். கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைத்த சுண்ணாம்பை அறிந்த கொத்தனார்கள் இன்றும் உளர்.

நான்கு: கட்டடத்தின் மேல் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளைத் தளிராக இருக்கும்போதே அகற்ற வேண்டும். ஆப்புக்கற்களின் இடுக்கில் வேர் பருத்தபின் பிடுங்கினால் கல்லும் உடன் வரும்.

ஐந்து: வேலை தொடங்கும் முன் ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்து, பெயரிட்டு, குழுப்பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ‘ஆர்ச்சு பழுது’ என்று எழுதாமல், ‘வடக்குத் தாழ்வாரம், மூன்றாம் வளைவு, கிழக்குத் தோள், வெளிவளைவில் பிளவு’ என்று எழுதினால், அதைப் படிக்கும் பொறியாளரும் ஸ்தபதியும் பாதி நோயை அப்போதே அறிவர். பழங்கட்டடப் பராமரிப்பு அறிந்த பொறியாளரின் கருத்தைப் பெறாமல் கடப்பாரையை எடுக்கலாகாது.

குடும்பத்தில் கேட்டு மகிழ வினாக்கள்

1. போதிகை இல்லையாயின் உத்திரத்திற்கு நேரும் கேடு யாது?

2. பிதுக்கக் கட்டையும் உண்மை வளைவையும் கற்களின் படுகையைக் கொண்டு எவ்வாறு வேறுபடுத்தலாம்?

3. முடிகல் ஒன்றே வளைவைத் தாங்குகிறது என்பது சரியா? காரணம் கூறுக.

4. பதினொரு வளைவுப் பாலத்தில் முட்டு எத்தனை இடங்களில் வேண்டும்? நடுத்தூண்களுக்கு அது வேண்டாமை ஏன்?

5. மகர தோரணம், கூண்டு மாடம், சாலை ஆகிய மூன்றனுள் உதைப்பு உடையது எது?

6. உங்கள் சொந்த ஊர் ஜினாலயத்திற்கு அடுத்த முறை செல்லும்போது, ஒரு தாளில் அதன் வாயிலையோ மண்டபத்தையோ வரைந்து உறுப்புகளின் பெயர்களைக் குறிக்கவும். அத்தாளை ஆலயக் குழுவினரிடம் ஒரு படி கொடுத்து வரவும். பிற்காலத்தில் திருப்பணி தொடங்குவோர்க்கு அது பயன்படும்.